ஓவியர் ஜார்ஜோனே

இத்தாலி நாட்டில் காஸ்டல்பிராங்கோ என்னும் சிற்றூரில் பிறந்த ஜார்ஜோனே, வெனிஸ் நகரை அடைந்து ஓவியராகப் புகழ் பெற்றார். ஒளியும் நிழலும் தம்முள் கரைந்து மயங்குமாறு வண்ணம் தீட்டுவதில் அவர் வல்லவர்.

1508ஆம் ஆண்டில் ஜெர்மானிய வணிகர் தங்கும் மாளிகையின் புறச்சுவர்களில் அவர் ஓவியம் தீட்டினார். இளையவரான டிஷியனும் உடன் பணி செய்தார். டிஷியன் தீட்டிய பகுதியையே பலரும் பாராட்டினர் என்றும், அதனால் ஜார்ஜோனே மனம் புழுங்கினார் என்றும் கூறுவர். புகழுடையோர் நெஞ்சிலும் இத்தகைய புண் உண்டாதல் இயல்பே.

பின்னர், உரோமர் போற்றிய காதல் தெய்வமாகிய வீனஸ் திறந்த வெளியில் துயிலும் கோலத்தை அவர் எண்ணெய் வண்ணத்தில் வரையத் தொடங்கினார். ஆடையின்றி, ஒரு கையைத் தலைக்குமேல் மடித்துக் கண்மூடிக் கிடக்கும் அவ்வுருவில் அமைதியன்றி வேறொன்றைக் காணோம்.

அவ்வோவியத்தை முடிக்க அவருக்கு வாழ்நாள் இல்லை. 1510ஆம் ஆண்டு வெனிஸில் பரவிய கொள்ளைநோய்க்கு அவர் இரையானார். அப்பொழுது அவருக்கு நாற்பது வயதும் நிரம்பவில்லை. எஞ்சிய நிலக்காட்சியையும், வீனஸின் மைந்தனாகிய கியூபிட் உருவையும் டிஷியனே தீட்டி முடித்தார் என 1525இல் எழுதப்பட்ட குறிப்பொன்று தெரிவிக்கின்றது. கியூபிட் உருவம் சிதைந்தமையால் பிற்காலத்தார் அதனை வண்ணம் பூசி மறைத்துவிட்டனர். ஓவியம் இன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது.

1538 அளவில் டிஷியன் தாமும் ஒரு வீனஸை வரைந்தார். கிடக்கும் கோலம் ஏறக்குறைய அதுவே. ஆயினும் இவள் உறங்கவில்லை. கண்விழித்து நம்மை நோக்குகின்றாள்.