பூட்டுத் தொழிலாளியின் மகன்

இயற்பியல் ஆய்வகத்தில் கால் வைக்கும் மாணவர் எவராயினும் ஓம் விதியைத் தொடாமல் அப்பால் செல்ல இயலாது. வெப்பநிலை மாறாதிருக்க, ஒரு கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் இரு முனைகளுக்கு இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாட்டிற்கு நேர்விகிதத்தில் அமையும் என்ற அந்த ஒரு வரியைப் பள்ளிப் பருவத்திலேயே நெட்டுருச் செய்துவிட்டோம். அதற்குரிய மதிப்பெண்ணையும் வாங்கிவிட்டோம். ஆனால் அவ்விதியைக் கண்டவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பதையும், அவர் ஆசிரியரான வழி எத்துணைக் கரடுமுரடானது என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவ்வழியை நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாய் ஒரு தையற்காரரின் மகள். பிறந்த ஏழு குழந்தைகளில் பிழைத்தவர் மூவரே. ஓமுக்குப் பத்து வயதானபோது தாயும் மறைந்தார். தந்தை முறையாகக் கல்வி பயிலாதவர். ஆயினும் அரமும் சுத்தியலும் பிடித்த அந்தக் கைகள் நூல்களையும் பிடித்தன. தாமே முயன்று கணிதமும் இயற்பியலும் வேதியியலும் தத்துவமும் கற்ற அவர், கற்றதைத் தம் புதல்வர் ஜார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் தாமே கற்பித்தார். உள்ளூர்ப் பள்ளியில் ஓம் பெற்ற அறிவியல் சொற்பம். வீட்டில் பெற்றதே மிகுதி. எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் என்பவர், பதினைந்து வயதுச் சிறுவனாயிருந்த ஓமைச் சோதித்துப் பார்த்து, பெர்னூலி குடும்பத்துக் கணித மேதைகளோடு ஒப்பிட்டுப் பாராட்டினார் என்பர். தம்பி மார்ட்டினும் பிற்காலத்தில் கணித அறிஞராக விளங்கினார். ஒரு பூட்டுப் பட்டறை ஈன்ற அறிஞர்கள் இருவர்!

1805இல் ஓம் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே நம் கதைத்தலைவர் நாம் எதிர்பார்ப்பது போல நூலகமே கதியென்று கிடக்கவில்லை. நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் ஆகியவற்றில் பொழுது போயிற்று. தமக்குக் கிட்டாத வாய்ப்பை மகன் வீணாக்குகிறானே என்று தந்தை கொதித்தார். மூன்று பருவங்களோடு பல்கலைக்கழகப் படிப்பு நின்றது. 1806இல் சுவிட்சர்லாந்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் கணித ஆசிரியராகச் செல்ல நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 17. ஆசிரியப் பணியைத் தேடி ஓம் செல்லவில்லை. தந்தையின் சினம் அவரை அதன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆனால் அந்த வாசலில்தான் அவர் மாறினார். பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கியவர் தாமும் கற்கத் தொடங்கினார். மீண்டும் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பிய அவருக்கு, ஆய்லர், லாப்லாஸ் போன்றோரின் நூல்களைத் தனியே படிக்குமாறு லாங்ஸ்டார்ஃப் அறிவுரை கூறினார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், மற்ற நேரத்தில் தமக்குப் பாடம் என ஆண்டுகள் கழிந்தன. 1811இல் எர்லாங்கனுக்குத் திரும்பி, அதே ஆண்டில் முனைவர் பட்டமும் பெற்றார். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் அமர்ந்தார். எனினும் அவ்வருவாய் வயிற்றுக்குப் போதவில்லை. முன்னேறும் வழியும் தென்படவில்லை. மூன்று பருவங்களில் அதையும் விட்டு, 1813இல் பாம்பெர்க் நகரில் பெயரில்லாத ஒரு பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். 1816இல் அந்தப் பள்ளியும் மூடப்பட்டது.

வேறொருவராயின் சோர்ந்து போயிருப்பார். ஓம் வடிவகணிதத்தைக் கற்பிக்கும் முறை பற்றி ஒரு நூல் எழுதி 1817இல் வெளியிட்டார். அதன் படியைப் பிரஷ்ய மன்னருக்கும் அனுப்பி வைத்தார். அதே ஆண்டில் கொலோன் நகரின் உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி அவரைத் தேடி வந்தது. அப்பள்ளியில் ஒரு நல்ல இயற்பியல் ஆய்வகம் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கால அலைச்சலின் முடிவில் ஓமுக்குக் கிடைத்த புதையல் அது எனலாம்.

ஆய்வுக்கு வேண்டிய கருவிகளை அவர் தாமே செய்துகொண்டார். உலோகத்தோடு பழகும் கைத்திறன் தந்தையின் பட்டறையில் பெற்ற சொத்தன்றோ! 1825இல் அவர் வெளியிட்ட முதல் முடிவு சரியானதாக இல்லை. அன்றைய மின்கலங்களின் விசை நிலையாக நில்லாமல் மாறிக்கொண்டே இருந்தது அதற்கு ஒரு காரணம். போகன்டார்ஃப் என்னும் அறிஞரின் யோசனைப்படி, சீபெக் கண்டறிந்த வெப்ப மின்னிரட்டையை அவர் கையாண்டார். பிஸ்மத்தும் தாமிரமும் சேர்ந்த இணைப்புகளில் ஒன்று கொதிநீரில், மற்றொன்று பனிக்கட்டியில். கொதிநிலையும் உறைநிலையும் மாறாதன. எனவே மின்னியக்கு விசையும் மாறவில்லை. பின்னர், ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுத் தாமிரக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்தார். மிகச் சிறியது 2 அங்குலம். மிகப் பெரியது 130 அங்குலம். காந்த ஊசியின் விலக்கத்தை முறுக்கு இழையால் அளந்தார். கம்பியின் நீளம் கூடக்கூட மின்னோட்டம் எந்தக் கணக்கில் குறைகிறது என்பது 1826இல் தெளிவாயிற்று. முந்தைய முடிவைப் பற்றிக்கொண்டிராமல், அளவீடு காட்டிய வழியே சென்றார் ஓம்.

விடுப்பெடுத்துக்கொண்டு பெர்லின் சென்று, தம்பியின் இல்லத்தில் தங்கித் தம் கொள்கையை முழு நூலாக எழுதி 1827இல் வெளியிட்டார். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிட்டும் என்பது அவர் நம்பிக்கை. கிட்டியது கண்டனமும் மௌனமுமே! இயற்பியலைக் கணிதத்தால் விளக்குவதை அந்நாட்டு அறிஞர் பலர் அன்று விரும்பவில்லை. மனமுடைந்த ஓம் 1828இல் கொலோன் பணியைத் துறந்தார். பெர்லினில் குறைந்த வருவாயில் கணிதம் கற்பித்துக் காலம் தள்ளினார். 1833இல்தான் நூரம்பெர்க் பல்தொழில் பள்ளியில் நிலையான பணி கிடைத்தது. 1841இல் இங்கிலாந்தின் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. அவர் விரும்பிய இயற்பியல் பேராசிரியர் பதவி மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1852இல் கிடைத்தபோது அவருக்கு வயது 63. ஈராண்டுகளில், 1854 சூலைத் திங்கள் 6ஆம் நாள், அவர் மறைந்தார். 1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டியது.

இவ்வரலாற்றை நான் படித்தபோது, பதக்கத்தைவிடப் பட்டறையே என் நெஞ்சில் நின்றது. என் தந்தையார் சைக்கிள் கடை வைத்திருப்பவர். சக்கரத்தின் பெண்டு எடுக்கும்போது கம்பிகளை விரலால் சுண்டிப் பார்த்தே எது தளர்ந்தது என்று சொல்லிவிடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பட்டம் பெற்றபின் பி.எட். முடித்துப் பள்ளியில் அறிவியல் கற்பிக்க வேண்டும் என்பது என் விருப்பம். வாத்தியார் வேலைக்குப் போகவா இத்தனை செலவு என்று உறவினர் கேட்கின்றனர். வீட்டுக்கு உடனே ஒரு சம்பளம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆகவே அக்கேள்வியை நான் குறை கூற மாட்டேன். ஓமின் வாழ்க்கை அதற்கு இனிப்பான விடை எதையும் தரவில்லை. ஆசிரியப் பணி அவரைச் செல்வராக்கவில்லை. பல காலம் நிம்மதியாகவும் விடவில்லை. ஆனால் சிற்றூர்ப் பள்ளியில் கற்பிக்கப் போயிராவிடில் அவர் மறுபடி கற்றிருப்பாரா? கொலோன் பள்ளி ஆய்வகம் வாய்த்திராவிடில் அந்த எட்டுக் கம்பிகள் ஒரு விதியைப் பேசியிருக்குமா? பெரிய பதவிக்குச் செல்லும் வழியில் குறுக்கிட்ட இடையூறு என்று அவர் கருதிய பள்ளிக்கூடமே அவருடைய உண்மையான இடமாக இருந்தது என்பது என் கருத்து.

இன்னொன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஓமுக்குப் பல ஆண்டுகள் முன்பே, இங்கிலாந்தின் பெருஞ்செல்வரான ஹென்றி கேவண்டிஷ் இந்த உறவைக் கண்டறிந்திருந்தார். மின்னதிர்ச்சியைத் தம் உடலிலேயே ஏற்று, அதன் கடுமையைக் கொண்டு மின்னோட்டத்தை மதிப்பிட்ட துணிவாளர் அவர். ஆனால் கண்டதை அவர் வெளியிடவில்லை. மாக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைத் தொகுத்து 1879இல் அச்சேற்றிய பிறகே உலகம் அறிந்தது. அறிந்ததைத் தம்மிடமே வைத்துக்கொண்டார் செல்வர். அறிந்ததை, ஏளனம் செய்தாலும் செய்யட்டும் என்று, எடுத்துச் சொன்னார் ஆசிரியர். உலகம் அந்த விதியை ஆசிரியரிடமிருந்தே கற்றது.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஏதோ ஓர் ஊரில், பத்துக் கருவிகள் கூட இல்லாத பள்ளியில் கரும்பலகை முன் நிற்கக்கூடும். வேறு வேலை கிடைக்காததால் வந்தோம் என்று அன்று எண்ண வேண்டா. ஒரு மின்கலமும், இரண்டு முழம் கம்பியும், கேள்வி கேட்கும் பிள்ளைகளும் இருந்தால் போதும், பாடத்தைத் தொடங்கிவிடலாம்.