உருடால்ப் டீசல்

உலகில் புதிய பொருள்களைப் படைத்தோர் பலர். படைத்த பொருளிற் குறை தோன்றியபோது அதனை மறைக்காமல், அதன் காரணத்தைப் பொறுமையோடு தேடிக் களைந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் உருடால்ப் டீசல் என்னும் செருமானிய அறிஞர். இன்று சாலையிற் செல்லும் பேருந்திலும், கடலிற் செல்லும் கப்பலிலும், வயலுக்கு நீர் இறைக்கும் பொறியிலும் அவர் பெயர் வழங்குகின்றது. எண்ணெய்க்கே அவர் பெயர் அமைந்துவிட்டமையால், டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதனைப் பலர் அறியார்.

பிறப்பும் இளமையும்

டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் செருமனியின் பவேரியப் பகுதியினின்று வந்து அந்நகரிற் குடியேறியவர்கள். தந்தையார் புத்தகம் கட்டுதலும் தோற்பொருள் செய்தலுமாகிய கைத்தொழிலால் குடும்பத்தைக் காத்துவந்தார். வீட்டில் செல்வம் இல்லை, உழைப்பு இருந்தது. சிறு தொழிலாளர் படும் துன்பத்தைச் சிறுவர் டீசல் தம் வீட்டிலேயே கண்டு வளர்ந்தார்.

1870ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் செருமானிய நாடுகளுக்கும் போர் மூண்டது. பாரிசில் வாழ்ந்த செருமானியர் அந்நகரை விட்டு நீங்க வேண்டியவராயினர். டீசல் குடும்பத்தார் இலண்டன் மாநகரை அடைந்தனர். அங்கும் வறுமை அவர்களை விடவில்லை. எனவே பன்னிரண்டு வயதே நிரம்பிய மகனைப் பெற்றோர் ஆக்சுபர்க்கு நகரிலிருந்த உறவினரிடம் அனுப்பினர். அவ்வுறவினர் கணக்கு ஆசிரியர். அவர் இல்லத்தில் தங்கிப் படித்த டீசல், தாம் ஒரு பொறியியல் அறிஞராதல் வேண்டும் என்று பதினான்காம் வயதிலேயே உறுதி பூண்டு பெற்றோருக்கு எழுதினார்.

கல்வி

ஆக்சுபர்க்கில் தொழிற்கல்வியைச் சிறப்பாக முடித்த டீசல், உதவிச் சம்பளம் பெற்று மூனிச்சு நகரத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் காரல் லிண்டே என்பவர். குளிர்விக்கும் பொறிகளை ஆக்கிப் புகழ்பெற்றவர் அவர். வெப்பத்தைப் பற்றி அவர் ஆற்றிய விரிவுரை ஒன்று மாணவர் டீசலின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. நீராவிப் பொறியில் எரிக்கப்படும் நிலக்கரியின் வெப்பத்துள் நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் பயன்தருதல் அரிது. எஞ்சியது முழுவதும் வீணாகிறது என்பதனை அவ்விரிவுரையில் டீசல் அறிந்தார். இவ்வீணைத் தடுக்க வழியில்லையா என்ற வினா அவர் நெஞ்சில் வேரூன்றியது.

1879ஆம் ஆண்டில், தேர்வு எழுத வேண்டிய வேளையில், அவர் நச்சுக் காய்ச்சலாற் பீடிக்கப்பட்டார். தேர்வு தள்ளிப்போயிற்று. அதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. இடைப்பட்ட காலத்தில் சுவிட்சர்லாந்து நாட்டு விண்டர்த்தூர் நகரிலிருந்த சுல்சர் தொழிற்சாலையில் கைத்திறன் பயின்றார். மறு ஆண்டு தேர்வெழுதி உயர்ந்த சிறப்புடன் தேறினார். பின்னர் ஆசிரியர் லிண்டேயின் குளிர்பொறித் தொழிலில் அமர்ந்து பாரிசிலும் பெர்லினிலும் பணிபுரிந்தார். 1883இல் மார்த்தா என்னும் நங்கையை மணந்தார்.

புதிய எண்ணம்

காற்றை விரைந்து அமுக்கினால் அது சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் குழாய், அடித்துக்கொண்டிருக்கும்போதே சூடாவதை நாம் காண்கிறோம். இவ்வெளிய உண்மையே டீசலின் பொறிக்கு அடிப்படை. ஓர் உருளைக்குள் தூய காற்றை மட்டும் புகவிட்டு, அதனைப் பிசுடன் என்னும் உந்துதண்டால் மிகவும் அமுக்கினால், காற்று நெருப்பைப் போலக் கொதிக்கும். அவ்வேளையில் சிறிதளவு எண்ணெயை உள்ளே செலுத்தினால், அது தானே பற்றி எரியும். தீப்பொறி ஊட்ட வேண்டுவதில்லை. எரிதலால் விரியும் வளி உந்துதண்டைத் தள்ளும்.

இக்கருத்துக்கு டீசல் 1892ஆம் ஆண்டில் உரிமம் வேண்டி விண்ணப்பித்தார். மறு ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார். பெருஞ் செல்வர்க்கே உரியதாயிருந்த பொறியாற்றல், சிறு பட்டறை வைத்து வாழும் தொழிலாளர்க்கும் எட்ட வேண்டும் என்பதும் அவர் நோக்கமாயிருந்தது. ஆக்சுபர்க்கு இயந்திரத் தொழிற்சாலையின் தலைவராகிய புட்சு என்பவரும், குருப்பு நிறுவனத்தாரும் அவருக்குப் பொருளும் இடமும் உதவ முன்வந்தனர்.

பொறியின் நாடி

1893ஆம் ஆண்டில் முதற்பொறி ஆக்சுபர்க்கில் நிறுவப்பட்டது. அது தானே ஓடும் நிலையில் இல்லை. தொழிற்சாலையின் சுழல்தண்டினின்று வந்த தோல்வார் அதனைச் சுழற்றியது. உருளைக்குள் அழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் தாளில் கோடாக வரைந்து காட்டும் கருவி ஒன்று அதன்மேற் பொருத்தப்பட்டிருந்தது. மருத்துவன் நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல, டீசல் அக்கோட்டைப் பார்த்துப் பொறியின் நலத்தையும் நோயையும் அறிந்தார்.

தொடக்கத்தில் காற்றழுத்தம் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. கணக்கில் பிழையா, கருத்தே பிழையா, பொறியின் உறுப்பில் பிழையா என்ற ஐயம் எழுந்தது. டீசல் கருத்தைக் கைவிடவுமில்லை; பொறியைக் குறைகூறி ஒதுக்கவுமில்லை. உந்துதண்டின் ஓரத்தில் காற்றுக் கசிவதைக் கண்டு, அடைப்பு வளையங்களைத் திருத்தினார். திருத்தியபின் அழுத்தம் உயர்ந்தது. ஆகசுட்டுத் திங்கள் 10ஆம் நாள் எண்ணெய் உள்ளே செலுத்தப்பட்டது. அழுத்தம் சட்டென மிகுந்து, கோடு வரையும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றோர் உயிர் தப்பினர். ஆயினும் டீசல் மகிழ்ந்தார். அமுக்கிய காற்றில் எண்ணெய் தானே எரியும் என்பது அன்று மெய்ப்பட்டதன்றோ!

ஆய்வுகள் தொடர்ந்தன. குளிர்நீர் சூழாமலே பொறி இயங்கும் என்று டீசல் முதலில் எண்ணியிருந்தார். ஆய்வு அதனை மறுத்தது. உருளையைச் சுற்றி நீர் ஓடும் உறை அமைக்கப்பட்டது. தம் நூலில் அவர் குறித்த அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் 250 மடங்கு. நடைமுறையில் 40 மடங்கினும் குறைந்த அழுத்தமே போதுமானதாகவும் ஏற்றதாகவும் காணப்பட்டது. தம் எழுத்தைக் காட்டிலும் கண்முன் நின்ற உண்மையையே அவர் பெரிதாக மதித்தார்.

1894ஆம் ஆண்டு பிப்பிரவரி 17ஆம் நாள் நிகழ்ந்தது நினைவிற் கொள்ளத்தக்கது. பொறியின் அருகே இலிண்டர் என்னும் தொழிலாளர் நின்றிருந்தார். பொறியைச் சுழற்றும் தோல்வாரில் ஒரு மாற்றம் தெரிந்தது. இதுகாறும் தொழிற்சாலைத் தண்டு பொறியை இழுத்தது. இப்பொழுதோ பொறியே வாரை இழுக்கத் தொடங்கியிருந்தது! அதனை முதலில் உணர்ந்த அத்தொழிலாளர் பேசாமல் தம் தொப்பியைக் கழற்றி வணங்கினார். டீசல் அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். ஏறத்தாழ ஒரு நிமிடமே பொறி தானாக ஓடிற்று. அந்த ஒரு நிமிடம் ஒரு புதிய ஊழிக்குத் தொடக்கமாயிற்று.

வெற்றியும் துன்பமும்

மேலும் மூன்றாண்டுகள் கடந்தன. 1897ஆம் ஆண்டு பிப்பிரவரி 17ஆம் நாள் மூனிச்சுப் பேராசிரியர் சுரோட்டர் புதிய பொறியை அளந்து ஆராய்ந்தார். எண்ணெயின் வெப்பத்துள் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறுவதனை அவர் கண்டார். நீராவிப் பொறியினும் இது பன்மடங்கு மேலானது. செய்தி எங்கும் பரவியது. பல நாட்டுத் தொழிலதிபர் உரிமம் பெற விரைந்தனர். அமெரிக்க உரிமைக்கு அடால்பசு புசு என்பவர் பத்து இலட்சம் மார்க்கு அளித்தார். 1900ஆம் ஆண்டில் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் டீசல் பொறி பெரும் பரிசு பெற்றது. அங்குக் காட்டப்பட்ட பொறி ஒன்று நிலக்கடலை எண்ணெயாலும் ஓடிக் காண்போரை வியக்கச் செய்தது.

ஆயினும் துன்பமும் உடன் வந்தது. ஆய்வுக்கூடத்தில் அறிஞர் கைபட்டு ஓடிய பொறி, தொழிற்சாலைகளில் அவ்வாறு ஓடவில்லை. பொறிகள் அடிக்கடி நின்றன. வாங்கியவர் சிலர் திருப்பி அனுப்பினர். போதிய ஆய்வுக்கு முன்னரே பொறியை விற்கத் தொடங்கியதன் பயன் இது. ஆக்சுபர்க்குப் பொறியியலார் ஒவ்வொரு குறையாக ஆராய்ந்து பல ஆண்டுகள் உழைத்துப் பொறியைத் திருத்தினர். டீசலோ உடல் நலமும் மன அமைதியும் குன்றி, 1898இல் மருத்துவ இல்லத்திற் சேர்ந்து ஓய்வு பெறவேண்டியவரானார்.

காலப்போக்கில் பொறி சீர்ப்பட்டது. 1912ஆம் ஆண்டில் செலாந்தியா என்னும் தானிசுக் கப்பல் டீசல் பொறியின் ஆற்றலாற் பெருங்கடலைக் கடந்து பாங்காக்கு வரை சென்றது. பொறி வென்றது, அதனைப் படைத்தவர் வாழ்வோ தளர்ந்தது. நிலத்திலும் பிற முயற்சிகளிலும் முதலிட்ட பொருள் அழிந்தது. மூனிச்சில் எழுப்பிய மாளிகை பெருஞ்செலவை விழுங்கியது. உரிம வழக்குகளும் மாற்றாரின் ஏச்சும் அவரை வருத்தின. பொறியின் கசிவை எளிதிற் கண்டறிந்த அவர், தம் பொருளாட்சியிலிருந்த கசிவைக் காலத்தே காணவில்லை. எனினும் 1913இல் வெளிவந்த தம் நூலில், பொறி பிறந்த வரலாற்றைத் தோல்விகளையும் மறைக்காமல் எழுதி வைத்தார்.

அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் இரவு, அவர் ஆண்டுவெர்ப்பு நகரினின்று இங்கிலாந்துக்குத் திரெசுடன் என்னும் கப்பலில் புறப்பட்டார். மறுநாட் காலையில் அவர் அறை வெறுமையாயிருந்தது. சில நாட்களுக்குப்பின் கடலில் ஓர் உடல் காணப்பட்டது. அதிலிருந்து எடுக்கப்பட்ட பொருள்கள் தந்தையாருடையன என அவர் மகனார் அறிந்து கூறினார். அவர் இறந்த வகை இன்றளவும் தெளிவுபடவில்லை.

விதை மரமாதல்

டீசல் விண்டர்த்தூரிற் பயின்ற அதே 1879ஆம் ஆண்டில் அந்நகரிற் பிறந்தவர் ஆல்பிரடு பூக்கி என்பவர். பொறியினின்று வீணே வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியாற் காற்றை அமுக்கி உருளைக்குள் மிகுதியாகச் செலுத்தலாம் என்று அவர் கருதினார். 1905இல் அதற்கு உரிமம் வேண்டினார். இதுவே இன்று டர்போ என வழங்கும் கருவி. 1920களில் இரு செருமானியக் கப்பல்களின் பொறிகள் இதனால் 1,750 குதிரைத் திறனினின்று 2,500 குதிரைத் திறனாக உயர்ந்தன. 1936இல் டீசல் பொறி கொண்ட மெர்சிடிசு பென்சு சிற்றுந்து வெளிவந்தது. பின்னர் டர்போவும் சிற்றுந்துகளில் இடம்பெற்றது.

இக்காலச் சிற்றுந்தில் எவ்வளவு காற்று, எவ்வளவு எண்ணெய் என்பதனைக் கணிப்பொறி ஒன்று ஆள்கின்றது. அதிற் பதிந்துள்ள அளவுகளை மாற்றி எழுதிப் பொறியின் ஆற்றலைக் கூட்டுவாரும் உளர். ரீமேப் என்பது அச்செயலின் பெயர். அவ்வாறு மாற்றிய வண்டி சில வேளைகளில் மேடேறும்போது திடீரெனத் தளரும், கரும்புகையும் கக்கும். உடனே டர்போ கெட்டது என்று கூறி அதனைக் கழற்றி எறிதல் அறிவுடைமையாகாது. கரும்புகை, எண்ணெய்க்கு ஏற்ற காற்று இல்லை என்பதன் அறிகுறி. கணிப்பொறி வேண்டும் அழுத்தம் எவ்வளவு, உண்மையிற் கிடைக்கும் அழுத்தம் எவ்வளவு என்று முதலில் ஒப்பிட்டு நோக்க வேண்டும். கிடைப்பது குறைவாயின், காற்றுக்குழாயில் வெடிப்பு உண்டா, இணைப்புக் கழன்றதா, வடிகட்டி அடைத்ததா, டர்போவின் இதழ்கள் கரி படிந்து இறுகினவா, அழுத்தமானி பொய் சொல்கிறதா என ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். கிடைப்பது மிகுதியாயின், பொறியைக் காக்கும் பொருட்டுக் கணிப்பொறியே ஆற்றலைக் குறைத்திருக்கக் கூடும். உறுப்புகள் யாவும் நலமாயிருப்பின், மாற்றி எழுதிய அளவே பொறியால் தாங்கத்தக்கதன்று என்பது விளங்கும். சில வேளைகளில் பத்து விரற்கடை நீளமுள்ள ஒரு குழாயே முழு நோய்க்கும் காரணமாயிருத்தல் உண்டு.

1893இல் உந்துதண்டின் ஓரத்தில் காற்றுக் கசிவைத் தேடிய டீசலின் முறையும் இதுவேயாகும். ஊகத்தால் முடிவு கூறாமல் அளந்து பார்த்தல், குறையைக் கண்டு சினவாமல் காரணத்தை நாடுதல், தாம் எண்ணியது பிழையாயின் திருத்திக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்கள். அவர் ஈட்டிய பொருள் அவருடன் அழிந்தது. இச்செல்வமோ, குறை கண்ட பொறியின் முன் பொறுமையோடு நிற்கும் ஒவ்வொரு தொழிலாளியிடத்தும் அழியாது வாழ்கின்றது.