அப்பரைக் காத்த அக்காள்

பண்ணுருட்டிக்கு அருகே உள்ள சிற்றூர், திருவாமூர். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஓர் உழவர் குடும்பம் வாழ்ந்தது. தந்தை புகழனார். தாய் மாதினியார். மூத்த பிள்ளை திலகவதியார். இளைய பிள்ளை மருள்நீக்கியார். இந்த மருள்நீக்கியார்தான் பிற்காலத்தில் திருநாவுக்கரசர் என்றும் அப்பர் என்றும் புகழ் பெற்றார்.

அப்பரை அறியாத தமிழர் இல்லை. ஆனால், அவருடைய அக்காள் உயிர் வாழ முடிவு செய்திராவிட்டால், அப்பர் என்ற ஒருவரே நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்!

அடுத்தடுத்து வந்த இடி

திலகவதியாருக்கு 12 வயது. கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு அவரை மணம் பேசினார்கள். கல்யாணத்துக்கு முன்பே மன்னனின் கட்டளை வந்தது. மாப்பிள்ளை போருக்குப் போனார்.

அந்தச் சமயத்தில் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவரோடு மறைந்தார். அந்தக் கண்ணீர் காயவில்லை. போர்க்களத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. கலிப்பகையாரும் மாண்டு போனார்!

ஒரு சிறு பெண் எத்தனை இடியைத் தாங்குவாள்? இனி வாழ்வதில்லை என்று திலகவதியார் முடிவு செய்தார்.

தம்பி அப்போது சிறு பிள்ளை. அக்காளுக்குப் புத்தி சொல்ல அவருக்குத் தெரியாது. அவர் அக்காளின் காலில் விழுந்தார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, அக்காளை நம்பித்தான் தாம் உயிரோடு இருப்பதாகச் சொன்னார். அக்காளும் போய்விட்டால், தமக்கும் வாழ்வில்லை என்று கதறினார்.

திலகவதியாரின் மனம் மாறியது. துக்கம் தீர்ந்துவிடவில்லை. ஆனால், தம்பிக்காக வாழ வேண்டும் என்ற பிடிப்பு கிடைத்தது. அந்தப் பிடிப்பு போதுமானதாக இருந்தது.

பிரிந்த தம்பி

மருள்நீக்கியார் வளர்ந்தார். தண்ணீர்ப் பந்தல் வைத்தார். சோலை வளர்த்தார். குளம் வெட்டினார். பிறகு சமண சமயத்தில் சேர்ந்தார். இன்று கடலூர் நகரில் உள்ள திருப்பாதிரிப்புலியூரில், அக்காலத்தில் சமணர்களின் பெரிய மடம் இருந்தது. அங்கே தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தார்.

திலகவதியார், கெடிலக் கரையில் உள்ள திருவதிகைக்குப் போய்ச் சேர்ந்தார். கோயிலைப் பெருக்கினார். மெழுகினார். பூத்தொடுத்தார். அந்த வேலையே அவரைத் தாங்கியது. தம்பியை அவர் மறக்கவில்லை.

நள்ளிரவில் வந்த நோயாளி

தருமசேனருக்குக் கொடிய சூலை நோய் வந்தது. குடலை முறுக்கும் வலி. மடத்தில் இருந்தவர்கள் அறிந்த வைத்தியத்தை எல்லாம் செய்தார்கள். வலி தீரவில்லை.

ஊரே வணங்கும் ஆசாரியர், தம் வேதனையை வெளியே சொல்வது எளிதா? அவர் வெட்கப்படவில்லை. சமையற்காரரை அக்காளிடம் தூது அனுப்பினார். மடத்துக்கு வர முடியாது என்று பதில் வந்தது. அதற்காகக் கோபித்துக்கொள்ளாமல், இரவோடு இரவாகத் தாமே திருவதிகைக்குப் போனார். அக்காளின் காலில் விழுந்தார்.

திலகவதியார் தம்பியைக் கைவிடவில்லை. திருநீறு கொடுத்து, கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே தம்பி பாடினார்; நோய் நீங்கியது என்கிறது பெரிய புராணம்.

ஒரு நாள் தம்பி அக்காளைக் காத்தார். இன்னொரு நாள் அக்காள் தம்பியைக் காத்தார்!

கையில் உழவாரம்

அதன் பிறகு பல்லவ மன்னன் அவரைத் தண்டித்தான். சுண்ணாம்பு சுடும் நீற்றறையில் 7 நாள் அடைத்தான். கல்லோடு கட்டிக் கடலில் போடச் செய்தான். கல் தெப்பமாக மிதந்து கரை சேர்ந்தது என்று புராணம் கூறுகிறது. கடலூரில் உள்ள கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயர் அந்த வரலாற்றைச் சொல்கிறது. மன்னனும் மனம் மாறினான். அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து.

அப்பர் ஊர் ஊராக நடந்தார். கையில் புல் செதுக்கும் உழவாரம். சிதம்பரத்திலும், பக்கத்தில் உள்ள திருவேட்களம், திருக்கழிப்பாலையிலும் பாடிப் பணி செய்தார். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, ஞானசம்பந்தரோடு சேர்ந்து பசித்தவர்களுக்குச் சோறிட்டார். 81 வயதில் திருப்புகலூரில் மறைந்தார் என்பது மரபு.

12-ம் நூற்றாண்டில் சேக்கிழார், சிதம்பரத்தில் இருந்து பெரிய புராணம் பாடினார். அக்காள் தம்பி கதை அதனால் நிலைத்தது.

சாரத்தில் நிற்பவர்கள்

அப்பரைப் போல் இன்றும் கையில் கருவியோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் உண்டு. கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கொத்தனார்களும் சித்தாள்களும் சென்னைக்கும் வெளிமாநிலத்துக்கும் போகிறார்கள். வீட்டைப் பிரிந்து தகரக் கொட்டகையில் தங்குகிறார்கள். மழை வந்தால் வேலை இல்லை. கடன், உடல் வலி, குடிப்பழக்கம், தனிமை எல்லாம் சேர்ந்து மனத்தை அரிக்கின்றன.

2021-ம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் மாண்டவர்கள் 1,64,033 பேர். அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். நான்கில் ஒருவர்!

சாரம் ஆடினால் மேஸ்திரி உடனே கவனிக்கிறார். மனம் ஆடினால் யார் கவனிப்பது? எப்போதும் பேசுகிறவர் வாய் மூடிவிட்டால், தூங்காமல் தவித்தால், எல்லாம் முடிந்தது என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது, மனப்பாரம்தான் குறையும். அவரைத் தனியே விடக் கூடாது.

சூலை நோய்க்கு மருந்து தேடியதைப் போல, மன நோய்க்கும் மருத்துவரைத் தேட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவம் உண்டு. 104, 14416 என்ற எண்களுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தாமல், ஆதரவு தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது.

திலகவதியாரைத் தடுத்தது ஒரு சிறு பிள்ளையின் சொல். நீ எனக்கு வேண்டும் என்று சொல்லப் படிப்பும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

தொலைவில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் அண்ணனுக்கோ தம்பிக்கோ இன்று ஒரு போன் செய்யுங்கள். பணம் அனுப்பினாயா என்று கேட்கும் முன், எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள்.