காருகுறிச்சியாரும் நானும்

ராஜபாளையம் அய்யனார் கோவிலில் யார் பொங்கல் வச்சாலும் எங்க தாத்தாதான் நாயனம். அவர் சொல்லித்தான் காருகுறிச்சி அருணாசலத்தை அறிந்தேன்.

1921-ல் நெல்லைச் சீமையில் பிறந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குச் சீடராகி, குருவின் பக்கத்தில் துணை நாயனம் வாசித்தே வளர்ந்தவர். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு ஈடாக ஆபேரி வாசித்தார். கோவில் வாத்தியம் கொட்டகைக்குப் போச்சேன்னு சிலர் முகம் சுளிச்சாங்களாம். ஆனா ராகம் தெரியாத எங்க ஊர்க்காரங்களும் அன்னைக்குத்தான் காது கொடுத்தாங்க என்பார் தாத்தா. சினிமாவுக்குப் பிறகும் அவர் கச்சேரியை விடவில்லை. 1964-ல் காலமானார்.

நாயனத்தை விட்டு டிப்ளமோவுக்கு வந்துட்டான்னு என்னையும் பேசுறாங்க. லீவு விட்டா தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒத்து ஊதுறேன். துறை மாறலாம், குருவை மறக்கலாமா?