கண்ணாடியில் விழாதவர்கள்: டொரத்தி லெவிட்டின் கதை

கல்லடிப் பாலத்தை இறங்கி, கடற்கரைப் பக்கமாக இடது கைக்குத் திரும்பும்போதுதான் அது நடந்தது. வாடகைக்கு எடுத்த சிறிய வான். எனக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்து மூன்று மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. சிக்னல் போட்டேன், இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், ஹோர்னும் அடித்தேன். கண்ணாடியில் ஒருவரும் இல்லை. திருப்பிய கணத்தில் பக்கவாட்டில் ஒரு சத்தம். இறங்கி ஓடினேன். சைக்கிளோடு ஒரு அக்கா வீதியோரத்தில் விழுந்து கிடந்தார். கூடையில் இருந்த மரக்கறி சிதறிக் கிடந்தது.

நல்ல காலம், முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. ஹோர்ன் கேட்கவில்லையா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்: செல் விழுந்த நாளிலிருந்து வலது காது கேட்பதில்லையாம். பிழை தன்னுடையது என்பதுபோல அவர் அதைச் சொன்னதுதான் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. பிழை என்னுடையது. கண்ணாடியைப் பார்த்தேன், ஆனால் அவர் கண்ணாடியில் விழாத இடத்தில் வந்துகொண்டிருந்தார். ஓட்டுநர் பயிற்சியில் பிளைண்ட் ஸ்பொட் என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோன இடம் அது.

வாகனத்தில் கண்ணாடி எப்படி வந்தது என்று தேடத் தொடங்கியபோதுதான் டொரத்தி லெவிட் என்ற பெண்ணைத் தெரிந்துகொண்டேன். நூறு வருடங்களுக்கு முன் பிரித்தானியப் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்ட பெயர். இன்று கார் ஓட்டும் பெண்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

1882 ஜனவரியில் கிழக்கு லண்டனின் ஹக்னியில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பிறக்கும்போது வைத்த பெயர் எலிசபெத் லெவி. பின்னாளில் குடும்பம் தன் பெயரை லெவிட் என்று மாற்றிக்கொண்டது. இருபது வயதளவில் நேப்பியர் கார்க் கம்பனியில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார். தட்டச்சு செய்வதும் கடிதங்களைக் கவனிப்பதும்தான் வேலை. நேப்பியர் கார்களை விற்றுவந்த செல்வின் எட்ஜ் என்ற பந்தய வீரர், ஒரு பெண் ஓட்டிக் காட்டினால் கார் நன்றாக விலைபோகும் என்று கணக்குப் போட்டார். லெவிட்டுக்கு ஓட்டப் பழக்கினார்கள். பிறகு பாரிஸுக்கு அனுப்பினார்கள். அங்கே பட்டறையில் நின்று இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டவும் கற்றுக்கொண்டு திரும்பினார்.

ஒரு விளம்பர யோசனையாகத் தொடங்கியதை லெவிட் தன் சொந்த வாழ்க்கையாக மாற்றிக்கொண்டார். 1903 இல் பந்தயத்தில் இறங்கினார். பிரித்தானியாவில் மோட்டார் பந்தயத்தில் ஓடிய முதல் பெண் என்று பொதுவாக அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். அதே ஆண்டு அயர்லாந்தில் நடந்த முதலாவது ஹாம்ஸ்வேர்த் கிண்ண மோட்டார் படகுப் பந்தயத்தில் நேப்பியர் படகு வென்றது. படகை ஓட்டியவர் லெவிட் என்று வரலாற்றில் எழுதுகிறார்கள். ஆனால் கிண்ணத்தில் பொறிக்கப்பட்டது படகின் உரிமையாளரான எட்ஜின் பெயர்.

1905 இல் லண்டனிலிருந்து லிவர்பூலுக்குச் சிறிய டி டியோன் காரில் போனார். சுமார் 330 கிலோமீற்றர். கூரையில்லாத வண்டி, புழுதி வீதி. உதவிக்கு இயந்திரவினைஞர் இல்லை. டோடோ என்ற குட்டி நாயும் கூட வந்தது. அதே ஆண்டு பிரைட்டனில் மணிக்கு 128 கிலோமீற்றர் வேகத்தையும், அடுத்த ஆண்டு பிளக்பூலில் 146 கிலோமீற்றர் வேகத்தையும் எட்டிப் பெண்களுக்கான உலக சாதனையைத் தன் பெயரில் வைத்துக்கொண்டார். இந்த வேகம் நம்முடைய மட்டக்களப்பு–கல்முனை வீதியில் இன்றைக்கும் பயமுறுத்தும். அந்தக் கால பிறேக்கோடும் டயரோடும் அவர் அதைச் செய்தார்.

1907 இல் லண்டனுக்கு அருகே புரூக்லண்ட்ஸ் பந்தயத்தடம் திறக்கப்பட்டது. பெண் என்பதால் அங்கே அவருக்கு இடமில்லை என்றார்கள். உலக சாதனை வைத்திருந்தவருக்குத் தன் ஊர்த் தடத்தில் கதவு மூடப்பட்டது. அவர் பிரான்ஸுக்கும் ஜேர்மனிக்கும் போய் ஓடினார். கூடவே பத்திரிகையில் பத்தி எழுதினார், பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பழகியவர்களில் அரசி அலெக்சாண்ட்ராவும் ஒருவர் என்பார்கள்.

1909 இல் அவருடைய பத்திகள் ‘பெண்ணும் காரும்’ என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாக வந்தன. எதை உடுத்துவது, பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது, இயந்திரம் இடையில் நின்றால் என்ன செய்வது என்று ஒரு தோழி சொல்லித் தருவதுபோல எழுதியிருக்கிறார். தனியே போகும் பெண்ணுக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்கவும் ஆலோசனை சொல்கிறார். அந்த இடத்தை நம்மூர் வாசகர்களால் சிரித்துக்கொண்டு கடக்க முடியாது.

அந்தப் புத்தகத்தில்தான் கண்ணாடி வருகிறது. இருக்கைக்குக் கீழே உள்ள இழுப்பறையில் ஒரு கைக்கண்ணாடி வைத்திருங்கள். ஓடும்போது அவ்வப்போது அதைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள் என்பது அவர் ஆலோசனை. கார்களில் பின்பார்வைக் கண்ணாடி இல்லாத காலம் அது. இரண்டு வருடம் கழித்து, 1911 இல், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் றே ஹரூன் என்பவர் தன் காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்தி வென்றார். மற்றக் கார்களில் பின்னால் பார்த்துச் சொல்ல இன்னொருவர் இருந்தார். அவர் தனியே ஓடினார். 1921 இல் எல்மர் பேர்கர் என்பவர் அப்படியொரு கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடியின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இரு ஆண்களிடமிருந்தே தொடங்குகிறார்கள்.

1910 இல் லெவிட் பிரான்ஸில் விமானம் ஓட்டப் பழகச் சென்றார். அதற்குப் பிறகு பதிவுகளில் அவரைக் காண முடியவில்லை. பன்னிரண்டு வருட மௌனம். 1922 மே மாதம் லண்டன் மேரில்போனில் தன் படுக்கையில் இறந்து கிடந்தார். வயது 40. இதய நோயோடு சின்னமுத்தும் வந்திருந்த நேரத்தில் உடலில் மோர்ஃபின் அதிகமாகிவிட்டது. தற்செயல் மரணம் என்று விசாரணை முடிந்தது. பின்னால் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவரை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் இறந்து இரண்டு வருடத்தில், 1924 இல், இங்கே வாவிக்குக் குறுக்கே லேடி மெனிங் பாலம் வந்தது. நாம் பழைய கல்லடிப் பாலம் என்று சொல்லும் அந்த இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போக முடிந்தது. எதிரே வருபவரைப் பார்த்துக் காத்திருந்துதான் ஆக வேண்டியிருந்தது. 2013 இல் புதிய பாலம் திறந்தது; அடுத்த வருடம் மண்முனைத் துறையிலும் பாலம் வந்து, படுவான்கரையும் எழுவான்கரையும் நெருங்கின. வீதி அகன்றது, வேகமும் கூடியது. அருகில் போகிறவரைப் பார்க்கும் பழக்கம் மட்டும் கூடவில்லை.

கண்ணாடிக்கும் எனக்கும் வேறொரு பழைய உறவும் உண்டு. சிறுவயதில் சோதனைச் சாவடிகளில் வாகனங்களுக்குக் கீழே தடியில் பொருத்திய கண்ணாடியைத் தள்ளிப் பார்ப்பார்கள். அந்தக் கண்ணாடி நம்மைச் சந்தேகிக்கப் பிடிக்கப்பட்டது. லெவிட் பிடிக்கச் சொன்ன கண்ணாடி பின்னால் வருபவருக்கு வழிவிடவும் உதவும். ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகு எந்தக் கண்ணாடியை வைத்திருப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

என் தவறுக்குப் பிறகு கற்றுக்கொண்டதை எழுதிவிடுகிறேன். நாம் பெரும்பாலும் பக்கக் கண்ணாடியை, நம் வாகனத்தின் பக்கமே பாதி தெரியும்படி வைக்கிறோம். அது வீணான பாதி. வலது ஜன்னலில் தலை முட்டும் அளவுக்குச் சாய்ந்து, அந்த நிலையில் வாகனத்தின் ஓரம் மட்டும் தெரியும்படி வலது கண்ணாடியைத் திருப்ப வேண்டும். பிறகு வாகனத்தின் நடுப்பக்கமாகச் சாய்ந்து, இடது கண்ணாடியையும் அப்படியே வைக்க வேண்டும். நேராக உட்கார்ந்தால் ஓரம் தெரியாது. பக்கத்து வழி தெரியும். பின்கண்ணாடியை மறைத்துச் சாமான் அடைத்த வானுக்கு இது சரிவராது. அதற்குப் பக்கக் கண்ணாடியின் மூலையில் சிறிய வட்டக் குவிவுக் கண்ணாடி ஒட்டலாம். குவிவுக் கண்ணாடியில் சைக்கிள் சிறிதாக, தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது கிட்டத்தான் நிற்கும்.

எப்படி வைத்தாலும் ஓரிடம் மிஞ்சும். அதற்குத் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நம் நாட்டில் சாரதி வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்கத்தில்தான் அதிகம் மறைகிறது. சைக்கிளும் நடப்பவரும் போவது அந்தப் பக்கத்தில்தான். பஸ், டிப்பர் என்றால் முன்வாசலை ஒட்டி நிற்பவரும், முன்பக்கத்துக்குக் கிட்டக் கடப்பவரும்கூடச் சாரதிக்குத் தெரிய மாட்டார்கள். சைக்கிளில் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம்: சாரதியின் முகம் அவருடைய கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. வேளாண்மை வெட்டுக் காலத்தில் வைக்கோல் ஏற்றிப் போகும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நம் ஊர்களுக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. ஹோர்ன் அடித்தால் விலகுவார்கள் என்ற நம்பிக்கையில் ஓட்டுகிறோம். செல்லும் குண்டும் காதைப் பறித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். செயற்கைக் காலோடு வீதியைக் கடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் பாய்ந்து விலக முடியாது. போர் முடிந்த கணக்கில் அவர்களை எங்கோ எழுதி மூடிவிட்டோம். வீதியில் அவர்கள் இன்னும் நம் இடது பக்கத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த அக்காவை இப்போதும் சில நாட்களில் பாலத்தில் காண்பேன். நான் ஹோர்ன் அடிப்பதில்லை. வேகத்தைக் குறைத்து, அவர் கடக்கும்வரை பின்னால் போகிறேன். திருப்பத்துக்கு முன்னால் கண்ணாடியைப் பார்க்கிறேன். பிறகு தலையைத் திருப்பி, கண்ணாடியில் விழாத இடத்தையும் பார்க்கிறேன்.