லூகாஸ் ஸ்டாப்பில் இறங்குகிறோமே, யார் அந்த லூகாஸ்?



அம்பத்தூரிலிருந்து பாடி வரை எம்.டி.எச். சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் கண்டக்டர் வாயால் கேட்கும் நிறுத்தங்களில் பல, தொழிற்சாலைகளின் பெயர்கள். டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், பிரிட்டானியா, லூகாஸ். இவற்றில் இரண்டு, வாழ்ந்து மறைந்த மனிதர்களின் பெயர்கள். டன்லப் கால்நடை மருத்துவர். தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து பார்த்து, 1888-ல் காப்புரிமை வாங்கியவர். லூகாஸ் தெருத்தெருவாக மண்ணெண்ணெய் விற்றவர். இந்த இதழில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

ஜோசப் லூகாஸ் 1834-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். பட்டறைகள் நிறைந்த ஊர் அது. இளவயதில் வெள்ளி முலாம் பூசும் தொழில் பழகினார். இருபது வயதில் திருமணம். பிள்ளைகள் ஆறு பேர். நிலையான வேலை இல்லை. ஒரு தள்ளுவண்டியை வைத்துக்கொண்டு ஹாக்லி என்ற பகுதியில் வீடு வீடாகப் போய் பூந்தொட்டி தாங்கி போன்ற தட்டுமுட்டுச் சாமான்களையும் மண்ணெண்ணெயையும் விற்றார்.

மண்ணெண்ணெய் அப்போது புதுச்சரக்கு. எண்ணெய் வாங்குகிறவருக்கு விளக்கும் வேண்டும் அல்லவா? வண்டியில் விளக்கும் ஏறியது. பிறகு விளக்கைச் சொந்தமாகவே செய்து விற்கத் தொடங்கினார். 1870-களில் கப்பல்களில் மாட்டும் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். மூத்த மகன் ஹாரி பதினேழு வயதிலேயே அப்பாவின் தொழிலுக்கு வந்துவிட்டார்.

அவர்களைத் தூக்கிவிட்டது சைக்கிள். அந்தக் காலத்து சைக்கிளுக்கு முன்சக்கரம் கிட்டத்தட்ட ஆள் உயரம், பின்சக்கரம் மிகச் சிறியது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து போகிறவர் இருட்டில் ஒரு கல்லையோ பள்ளத்தையோ கவனிக்காவிட்டால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். 1879 வாக்கில் ஹாரி இதற்கு ஒரு விளக்கை வடிவமைத்தார். அதைக் கைப்பிடியில் மாட்டவில்லை. பெரிய சக்கரத்துக்குள்ளேயே, கம்பிகளுக்கு நடுவில், அச்சிலிருந்து தொங்கவிட்டார். சக்கரம் சுழன்றாலும் விளக்கு தன் எடையால் நிமிர்ந்தே தொங்கும். தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் பாதை தெரியும். 'சாலையின் அரசன்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

1882-ல் அப்பாவும் மகனும் முறைப்படி கூட்டாளிகள் ஆனார்கள். 1888-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது: இருட்டிய பிறகு சைக்கிள் ஓட்டினால் விளக்கு கட்டாயம். லூகாஸ் விளக்குக்கு அது எவ்வளவு பெரிய சந்தை என்று சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரிலும் விளக்கில்லாமல் போன சைக்கிளை போலீஸ்காரர் நிறுத்தி, சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்ட கதை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் தள்ளுவண்டி வியாபாரம் பங்குகள் உள்ள பொது நிறுவனமாகிவிட்டது. லூகாஸ் மதுவைத் தொடாதவர். 1902 டிசம்பரில் இத்தாலிக்குப் போயிருந்தபோது நேப்பிள்ஸ் நகரில் டைபாய்டு காய்ச்சல் கண்டு இறந்தார். வயது 68. மோட்டார் கார் தெருவுக்கு வந்துகொண்டிருந்த சமயம் அது. கார் விளக்கு, டைனமோ, ஸ்டார்ட்டர், கார்க் கதவோரத்திலிருந்து சிறு கைபோல வெளியே நீண்டு, போகும் திசையைக் காட்டும் ஒளிக்காட்டி, எல்லாவற்றிலும் அவருடைய பெயர் பொறிக்கப்பட்ட காலத்தை அவர் பார்க்கவில்லை. பழைய மாரிஸ் மைனர் காரில் ஏறியவர்களுக்கு அந்தக் கை நினைவிருக்கும். வழியில் அணைந்துபோன கார் விளக்குகளை நொந்து, வெள்ளைக்காரர்களே லூகாஸுக்கு 'இருட்டின் இளவரசன்' என்று பட்டம் சூட்டிச் சிரித்ததும் உண்டு. அரசனாகத் தொடங்கியவர் இளவரசனான கதை அது!

அந்தப் பெயர் பாடிக்கு வந்தது 1961-ல். சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டு உதிரிபாகங்களை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு வந்தது. இங்கே ஓடும் லாரிக்கும் காருக்கும் வேண்டியதை இங்கேயே செய்தாக வேண்டிய நிலை. மதுரையில் 1911-ல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனத்தை அப்போது அவருடைய பிள்ளைகள் நடத்திவந்தார்கள். பஸ் ஓட்டியும் பழுது பார்த்தும் வளர்ந்த அந்த நிறுவனத்துக்கு, எந்தப் பாகம் எப்போது தேயும் என்று தெரியும். பர்மிங்காம் லூகாஸுடன் சேர்ந்து வாகன மின்சாதனங்கள் செய்ய லூகாஸ் டி.வி.எஸ். பிறந்தது. வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று அக்கம்பக்கத்தில் வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. சக்கரம், பிரேக், ஸ்டார்ட்டர் எல்லாம் ஒரே பாடியில்.

1980-களில் இந்தப் பகுதி வங்கிக் கிளை ஒன்றில் எழுத்தராக இருந்தேன். சம்பளம் விழுந்த மறுநாள் கவுண்டரில் சீருடைகளாகத்தான் தெரியும். விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்தில் ஃபிட்டர், டர்னர் என்று எழுதமாட்டார்கள். லூகாஸ் என்று மட்டும் எழுதுவார்கள். அதுவே போதும். அங்கே நிரந்தர வேலையில் இருப்பவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் கடன் மனு தயங்காமல் நகரும். லூகாஸில் வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்காத காலம். கொரட்டூரிலும் வில்லிவாக்கத்திலும் எத்தனையோ வீடுகள் அந்தச் சம்பளத்தில்தான் எழும்பின.

பர்மிங்காம் கதை வேறு. 1996-ல் லூகாஸ் நிறுவனம் ஓர் அமெரிக்க நிறுவனத்துடன் இணைந்தது; மூன்றே ஆண்டில் அதையும் இன்னொருவர் வாங்கிக்கொண்டார். அப்பாவும் மகனும் வளர்த்த கிரேட் கிங் தெருத் தொழிற்சாலை இடிக்கப்பட்டுவிட்டது. ஜோசப் லூகாஸ் தள்ளுவண்டி உருட்டிய ஊரில் அவர் தொழிற்சாலை இல்லை. கடல் கடந்து, அவர் கண்ணால் பார்த்திராத பாடியில், அவர் பெயரில் தொழிற்சாலையும் இருக்கிறது, பஸ் ஸ்டாப்பும் இருக்கிறது.

நம் பக்கத்திலும் ஆலைகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் வருகின்றன. டன்லப்பில் சங்கு ஊதி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. நிறுத்தத்தின் பெயர் மட்டும் மிச்சம். ஜோசப் லூகாஸைப் பற்றியாவது புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாடியில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்து, நம் ஊர் லாரிகளுக்கும் கார்களுக்கும் டைனமோவும் ஸ்டார்ட்டரும் செய்து கொடுத்தவர்களைப் பற்றி யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

நம் வளாகத்திலேயே அப்படி ஓய்வு பெற்றவர்கள் சிலர் மாலையில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தப் பிரிவில் இருந்தீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு, கையில் செய்த முதல் பொருள் எது என்று பேரப்பிள்ளைகள் கேட்டு, ஒரு பக்கம் எழுதி சங்க அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த இதழில் வெளியிடலாம். பரணில் பழைய சைக்கிள் விளக்கோ டைனமோவோ கிடந்தால் எடைக்குப் போடும் முன் ஒரு புகைப்படமும் எடுத்து அனுப்புங்கள்.