விபத்து நஷ்டஈட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் வந்தபோது சபாநாயகர் யார்? ஒரு சித்தூர் வக்கீலின் கதை

சாலை விபத்தில் உங்க வீட்டில் ஒருவருக்கு அடிபட்டுடுச்சு, நஷ்டஈடு கேட்கணும். எங்கே போவீங்க? மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு. இப்படி ஒரு தனி அமைப்புக்கு நாடாளுமன்றம் வழி செய்தது 1956-ல். அப்போ மக்களவை சபாநாயகராக இருந்தவர் மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார். அதுக்கு முன்னாடி சுமார் 35 வருஷம் அவர் சித்தூரில் வக்கீல்.

அந்தச் சட்டத்தை எழுதியது அவர் இல்லை. மசோதா கொண்டுவருவது அரசு, அவையை நடத்துவது மட்டும்தான் சபாநாயகர் வேலை. ஆனா வலு இல்லாதவர் பேச்சும் சபை ஏறணும்னா ஒழுங்கான விதிமுறை வேணும். கோர்ட்டிலும் அவையிலும் அந்த விதிமுறையோடவே வாழ்ந்தவர் அவர்.

திருச்சானூர் பையன்

பத்மாவதி தாயாரைப் பார்க்க திருச்சானூர் போயிருப்பீங்க. அந்த ஊரில்தான் 1891 பிப்ரவரி 4-ம் தேதி பிறந்தார். பள்ளிப் படிப்பு திருப்பதியில். பி.ஏ. சென்னை பச்சையப்பன் கல்லூரி, பி.எல். சென்னை சட்டக் கல்லூரி. 1912-ல் கொஞ்ச காலம் கணக்கு வாத்தியார் வேலை. 1915-ல் வக்கீலானார்.

அப்போ சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணம். சித்தூர் மாவட்டமே 1911-ல்தான், வட ஆற்காடு, கடப்பா பகுதிகளைச் சேர்த்து உருவானது. அந்தப் புது மாவட்டத்துக் கோர்ட்டில், பழைய தீர்ப்புகளை நினைவிலிருந்தே எடுத்துச் சொல்லக்கூடியவர்னு அவர் பேர் வாங்கினார்.

அன்றைக்கு அடிபட்டவர் நிலைமை

விபத்தில் ஒருவர் இறந்தால் குடும்பம் வழக்குப் போட 1855-ம் வருஷச் சட்டம் ஒன்று இருந்தது. வேலையில் காயப்பட்ட தொழிலாளிக்கு 1923-ம் வருஷச் சட்டம். ஆனா ரோட்டில் வண்டி மோதி கால் போச்சுன்னா? சாதாரண சிவில் வழக்குதான். கேட்கும் தொகை கூடக் கூட கோர்ட் கட்டணமும் கூடும். டிரைவர் மேல தப்புன்னு நீங்கதான் நிரூபிக்கணும். சம்பாத்தியம் நின்னுபோன குடும்பம் இதுக்கெல்லாம் எங்கே போகும்? மாவட்டக் கோர்ட்டில் இத்தனை வருஷம் நின்ற எந்த வக்கீலுக்கும் இது தெரியாம இருந்திருக்காது.

கறுப்பு அங்கியிலிருந்து சிறைக்கு

1921-22-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக ஒரு வருஷம் தொழிலை நிறுத்தினார். 1934-ல் மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். தனிநபர் சத்தியாகிரகத்திலும், 1942 ஆகஸ்ட் போராட்டத்திலும் சிறை. மாசச் சம்பளம் இல்லாத வக்கீலுக்கு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு மாசமும் வருமானம் பூஜ்யம்னு யோசிச்சுப் பாருங்க.

நாற்காலிக்கு வந்த பிறகு

அரசியல் நிர்ணய சபையில் இருந்தார், 1948-ல் துணை சபாநாயகர் ஆனார். அரசின் செலவுத் திட்டங்களை ஆராயும் மதிப்பீட்டுக் குழு 1950-ல் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1952-ல் திருப்பதி, 1957-ல் சித்தூர் தொகுதியிலிருந்து மக்களவைக்கு வந்தார். முதல் சபாநாயகர் மாவ்லங்கர் மறைந்ததும், 1956 மார்ச் 8-ம் தேதி அந்த இடத்துக்கு வந்தார்.

அதே வருஷக் கடைசியில் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. வசதி குறைந்தவர்களால் சிவில் கோர்ட் செலவைத் தாங்க முடியலைங்கிறது அதன் பின்னணி. மாநிலங்கள் தனித் தீர்ப்பாயம் அமைக்கலாம்னு சட்டம் சொன்னது.

1957 டிசம்பரில் இன்னொரு சோதனை. எல்.ஐ.சி. பணம் சுமார் 1.24 கோடி ரூபாய் முந்த்ரா கம்பெனிகளுக்குப் போனதை அவையில் கிளப்பினார் ஃபெரோஸ் காந்தி. கேட்டவர் காங்கிரஸ், பதில் சொல்ல வேண்டிய நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி காங்கிரஸ், சபாநாயகரும் காங்கிரஸ்காரர். ஆனாலும் விவாதம் நடந்தது. விசாரணை ஆணையம் வந்து, 1958 பிப்ரவரியில் அமைச்சர் பதவி விலகினார்.

அடுத்தது அவர் சொந்த மாவட்டம். திருத்தணியை சென்னை மாநிலத்துக்குத் தரும் 1959-ம் வருஷ எல்லை மாற்றச் சட்டம் வந்தபோது, சித்தூர் எம்.பி.யும் அவர், சபாநாயகரும் அவர். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி கைமாறியது.

1962 முதல் 1967 வரை பீகார் ஆளுநராக இருந்தார். 1978 மார்ச் 19-ம் தேதி, 87 வயதில் காலமானார்.

இன்றைக்கு உங்களுக்கு என்ன?

அவர் காலத்தில் திறந்த அந்த வழி இப்போ 1988-ம் வருஷச் சட்டத்தில் இருக்கு. சென்னையில் வசிக்கும் நீங்க திருப்பதி போற வழியில் ஆந்திராவுக்குள் அடிபட்டாலும், சென்னைத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம். ஒண்ணு மட்டும் கவனிங்க: 2019 திருத்தம் மனுவுக்கு 6 மாதக் கெடு வைத்தது. எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனை ரசீது, சம்பளச் சான்று மூணையும் முதல் வாரத்திலிருந்தே எடுத்து வையுங்க.